பழைய காரில் சார்ஜ் ஏறவில்லையா? கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் ஒரு ஒற்றுமை: எழுதியவர்களில் பலர் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். பேட்டரி வெறும் தொட்டி. அதை நிரப்பும் குழாய், எஞ்சின் சுழற்ற மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர்; இன்னும் பழைய கார்களில் டைனமோ. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டியை மாற்றி என்ன செய்ய? ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும், கீழே சொல்வதில் முக்கால்வாசியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

புது பேட்டரி போட்டும் மூன்று நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?

போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். முதலில் பேட்டரியை முழுசாகச் சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி சும்மா விட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. அடுத்து எஞ்சினை ஓட்டி, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து அளவெடுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, அதன் மேல் பழி போடாதீர்கள்.

அப்படியானால் நிறுத்தி வைத்த நேரத்தில் எதுவோ கரண்டைக் குடிக்கிறது. எஞ்சினையும் இக்னிஷனையும் அணைத்து, பேட்டரியிலிருந்து கார் பாடிக்குப் போகும் எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்து இணையுங்கள். கம்ப்யூட்டர் இல்லாத காரில் கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் ஓடக்கூடாது. 50 மில்லிஆம்பியரைத் தாண்டினால் தேட வேண்டியதுதான். அரை ஆம்பியர் என்று காட்டினால் அலட்சியமாக விடாதீர்கள். 72 மணி நேரத்துக்கு அது 36 ஆம்பியர்-மணி, சின்ன பேட்டரிக்கு அதுவே சாவு.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது முள் இறங்குகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிந்துகொண்டிருப்பது அடிக்கடி பார்க்கிற விஷயம். எல்லா ஃபியூஸையும் எடுத்தும் இறங்கவில்லையா? ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கசிந்தால் பேட்டரி அந்த வழியாகவே காலியாகும். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள்.

டைனமோவைக் கழற்றிப் புது கார்பன் பிரஷ் போட்டேன். மாட்டிய பிறகு சார்ஜே இல்லை. முன்பு கொஞ்சமாவது ஏறிக்கொண்டிருந்தது.

வேலை செய்தவர் மேல்தான் முதல் சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நானே இதில் மாட்டியவன். பின்மூடியைப் பொருத்தும்போது, கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும், சுழலும் செம்பு உருளை) இடிக்காமல் இருக்க பிரஷ்களை மேலே தூக்கி, ஸ்பிரிங்கைப் பிரஷின் பக்கவாட்டில் அழுத்தி நிறுத்துவோம் இல்லையா? மூடி உட்கார்ந்ததும் ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிரஷின் தலைமேல் விட வேண்டும். ஒரு தடவை ஒன்றை விட்டேன், மற்றதை மறந்தேன். அரை நாள், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் குடைந்துகொண்டிருந்தேன். அந்தப் பிரஷோ கம்யூட்டேட்டரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

அது சரியாக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். லூகாஸ் வகை டைனமோவில் டி, எஃப் என்று இரண்டு டெர்மினல் இருக்கும். இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு டி-யையும் எஃப்-ஐயும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். மீட்டரின் ஒரு முனை அதில், மறுமுனை டைனமோவின் உடம்பில். ஐட்லிங்கிலிருந்து மெதுவாக வேகத்தைக் கூட்டினால் வோல்டேஜ் தடங்கலில்லாமல் ஏற வேண்டும். நிமிடத்துக்கு 1,000 சுற்றை ஒட்டி 20 வோல்ட் வந்துவிட்டால் டைனமோ நலம், அதோடு நிறுத்திவிடுங்கள். கட்டுப்படுத்த ரெகுலேட்டர் இல்லாமல் ஓடுகிறது, மேலும் முறுக்கினால் தானே எரிந்துபோகும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் பிரஷ் பக்கம் பாருங்கள். அரை அல்லது ஒரு வோல்ட்டில் நின்றால் காந்தப்புலம் தரும் ஃபீல்டு காயிலில் கோளாறு. பாதி வரை வந்து திணறினால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரில்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. டைனமோ தன் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்துத்தான் முதல் மின்சாரத்தை உண்டாக்குகிறது. பிரித்து வைத்ததில், தட்டியதில் அந்தக் காந்தம் போயிருக்கலாம். லூகாஸ் வகையில் ஃபீல்டின் ஒரு முனை உள்ளேயே எர்த் ஆகியிருக்கும். ஆகவே எஞ்சினை அணைத்து, எஃப் ஒயரைக் கழற்றிய நிலையில், பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை எஃப் டெர்மினலில் இரண்டு மூன்று முறை தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். ஃபீல்டு ரெகுலேட்டர் வழியாக எர்த் ஆகும் வேறு வகை டைனமோக்களுக்கு இந்த முறை பொருந்தாது. உங்களுடையது எது என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்க்காமல் கை வைத்தால் ரெகுலேட்டர் பாயின்ட்கள் (தொட்டு விலகும் முனைகள்) கருகிவிடும்.

கம்யூட்டேட்டரைத் தேய்க்க மெல்லிய கண்ணாடித்தாள் போதும், எமரி வேண்டாம். அதன் துகள்கள் செம்புப் பட்டைகளுக்கு நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் போல இறங்கட்டும். ஓரங்கள் கண்ணாடி மாதிரி மினுங்கினால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

இரவில் போகும்போது டாஷ்போர்டிலுள்ள சார்ஜ் விளக்கு மங்கலாக எரிகிறது. பகலில் இல்லை. விட்டுவிடலாமா?

டைனமோ காரில் ஐட்லிங்கின்போது விளக்கு கண் சிமிட்டுவது இயல்பு, அந்த வேகத்தில் டைனமோவால் எதுவும் கொடுக்க முடியாது. வேகமாகப் போகும்போதும் மங்கலாக எரிவது வேறு கதை. அந்த விளக்கின் ஒரு கால் இக்னிஷனில், மறு கால் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரில். இரண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ் இருந்தால் அணைந்திருக்கும், வித்தியாசம் வந்தால் எரியும். ஹெட்லைட் போட்டதும் கரண்ட் அதிகம் ஓடி, எங்கோ ஒரு இணைப்பில் வோல்டேஜ் தொலைகிறது என்று அர்த்தம்.

ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினை ஓட்டி, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் அவுட்புட்டிலும் மறுமுனையை அதே லைன் போய்ச் சேரும் பேட்டரி முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவிலுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துலக்குங்கள். எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டே அதிகம். இக்னிஷன் சுவிட்ச், ஃபியூஸ் கிளிப், கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) பாயின்ட் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு தொட்டுப் பாருங்கள், சுடுகிற இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: பல ஆல்டர்னேட்டர்கள் விழித்துக்கொள்ள அந்தச் சின்ன பல்பு வழியாக வரும் கரண்ட்தான் வேண்டும். பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜும் நின்றுபோகலாம். அந்த இடத்தில் எல்இடி போட்டாலும் அதே தொல்லை வரலாம்.

புது பெயின்ட் அடித்து வந்ததிலிருந்து பேட்டரி தண்ணீர் சீக்கிரம் குறைகிறது, அழுகிய முட்டை நாற்றம் வேறு.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஓட்டுவதை நிறுத்துங்கள். அளந்தால் 15 வோல்ட்டுக்கு மேல்தான் இருக்கும். ரெகுலேட்டரின் எர்த் ஒயர் பாடியில் திருகும் இடத்தில் பெயின்ட் மூடியிருக்கும். எர்த் இல்லாவிட்டால் வோல்டேஜை உணரும் காயிலில் கரண்ட் ஓடாது, பாயின்ட் திறக்காது, டைனமோ தன்னால் முடிந்த மட்டும் கொட்டும். திருகைக் கழற்றி இரும்பு தெரியச் சுரண்டி மாட்டுங்கள். ஆனால் முதலில் பானெட்டைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். அங்கே தேங்கியிருப்பது ஹைட்ரஜன், ஒரு பொறி போதும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் நல்லதா என்று தெரியுமாமே?

தெரியும். அந்த நொடி வரை நல்லதாக இருந்தது என்று. திடீரென எழும் வோல்டேஜ் டயோடுகளைத் தின்றுவிடும்.

பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்தது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடலாமா?

போடலாம். வழக்கமான ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த்துக்கானது, பேட்டரியைத் தலைகீழாகக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் டயோடுகள் போய்விடும். அதனால் முதலில் காரின் எர்த்தை மாற்ற வேண்டும்: பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களையும், கரண்ட் அளவைக் காட்டும் அம்மீட்டரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். ரேடியோவும் எலக்ட்ரானிக் பாகங்களும் தாங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பல்புகளுக்குத் திசை ஒரு பொருட்டில்லை. லூகாஸ் சி40 டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர். 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் பழைய ஒயரிலும் 30 ஆம்பியர் அம்மீட்டரிலும் கட்டினால் டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும்.

பகலில் மட்டும் ஓடும் கார் என்றால் நான் டைனமோவை எடுக்கமாட்டேன். எப்போதாவது ஹெட்லைட் போட வேண்டி வந்தாலும், இரண்டு 45 வாட் ஹெட்லைட்டுக்கு ஏழரை ஆம்பியர்தான் ஆகிறது. இக்னிஷனையும் வைப்பரையும் சேர்த்தாலும் 22-க்குள் அடங்கிவிடும்.