பன்னிரண்டாம் பெட் என்ன கேட்கிறார்? ஓய்வுபெற்ற செவிலியரிடம் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 31 வருடம் வார்டு பார்த்தவள் நான். நோயாளி நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். சம்பளம், மாறுதல், வெளிநாடு இதெல்லாம் இன்றைக்கு வேண்டாம்.

பாலக்கோடு, மூன்றாம் ஆண்டு மாணவி: நோயாளி முதலில் எதிர்பார்ப்பது அன்பான பேச்சுதான் என்று வகுப்பில் சொல்கிறார்கள். நிஜமா மேடம்?

பாதி நிஜம். அமெரிக்காவில் பெட்ரீஷியா லார்சன் என்பவர் 1980-களில் புற்றுநோயாளிகளிடமும் அவர்களைக் கவனித்த செவிலியர்களிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து, எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார். செவிலியர்கள் காது கொடுத்துக் கேட்பதை மேலே வைத்தார்கள். நோயாளிகளோ ஊசி, டிரிப் சரியாகப் போடத் தெரிவதையும், டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருப்பதையும் மேலே வைத்தார்கள். நம் ஊரிலும் நான் பார்த்தது அதுதான். மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்காத பிள்ளை எவ்வளவு சிரித்துப் பேசினாலும், அடுத்த ஊசிக்கு "அந்த இன்னொரு சிஸ்டரை வரச் சொல்லும்மா" என்பார்கள். முதலில் கை பழகட்டும். அப்புறம் நீ பேசுகிற அன்புக்கு மதிப்பு வரும்.

ஒரு எச்சரிக்கை: "ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லாதே. 1859-லேயே நைட்டிங்கேல் அம்மையார் இந்த வெற்று ஆறுதலைத் திட்டி ஒரு அத்தியாயமே எழுதிவிட்டார்.

ஓசூர், ஸ்டாஃப் நர்ஸ்: வலியை 0 முதல் 10 வரை கேட்டுக் குறிக்கச் சொல்கிறார்கள். ஒன்று எல்லாரும் பத்து என்கிறார்கள், இல்லாவிட்டால் சிரிக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன். பாட்டிக்கு எண் எதற்கு? அவரிடம் சொல் இருக்கிறது. கடுக்குது, குடையுது, சுருக்குனு குத்துது, காந்துது, இழுத்துப் பிடிக்குது. ஒவ்வொன்றும் வேறு வலி. புண்ணில் "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றால் கட்டைப் பிரித்துப் பார், சீழ் கட்டியிருக்கலாம். மாவுக்கட்டு போட்ட காலில் வலி தாங்கவில்லை, விரல் மரத்துப் போச்சு என்றால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதே, உடனே டாக்டரைக் கூப்பிடு. "நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு, ஒரு சோடா கொடுங்க" என்று வேர்த்துக்கொண்டு ஒருவர் வந்தால் முதலில் ஈசிஜி. சோடாவுக்கு ஆள் அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எண் எழுதியே ஆகவேண்டும் என்றால் காசுக் கணக்கில் கேள். "தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னா இன்னிக்கு எவ்வளவு?" "எட்டணா இருக்கும்மா." ஐந்து என்று எழுதிக்கொள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆட்களிடம் தமிழில் மட்டும் கேட்டு நிற்காதே. வலிக்குத் தெலுங்கில் நொப்பி, கன்னடத்தில் நோவு. இந்த இரண்டு சொல் போதும், முகம் உன் பக்கம் திரும்பிவிடும்.

இன்னொன்று. பேசும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்ளும் அம்மாவை "பதிலே சொல்ல மாட்டேங்குது" என்று எழுதிவிடாதே. ஃபுளோரைடு உப்பு அதிகமுள்ள தண்ணீர் குடித்து வளர்ந்த தலைமுறை அது, பல் கறைக்குக் கூச்சம். அதே தண்ணீரால் முதுகெலும்பு இறுகிப் போனவரும் இருப்பார், மட்டமல்லாக்கப் படுக்க அவரால் முடியாது. "நேரா படுங்க" என்று அதட்டுவதற்கு முன் இன்னொரு தலையணை கொடு. அதற்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது. ஆனால் எலும்பில் முன்பே ஏறியது லேசில் இறங்காது.

காரிமங்கலம்: ஜெர்மனி போக மொழித் தேர்வு எந்த நிலை வரை வேண்டும்?

மேலே எழுதியிருப்பதைப் படிக்கவும்.

ஊத்தங்கரை, ஆரம்ப சுகாதார நிலையம்: வருகிறவர்கள் எல்லாரும் குளுக்கோஸ் ஏத்தச் சொல்லி அடம் பிடிக்கிறார்கள்.

ஐந்து சதவீத அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழில் இதைவிடச் சத்து அதிகம். ஆனால் அதைச் சொல்லி வாதாடி நான் ஜெயித்ததே இல்லை. ஒருநாள் களை எடுத்துவிட்டு வந்த ஒரு அக்காவிடம், "பாட்டில் ஏத்தினா என்ன ஆகும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டேன். "ரெண்டு மணி நேரம் படுக்க வுடுவீங்கல்ல" என்றார். அன்றைக்குப் புரிந்தது. பாட்டில் அவசியமில்லை என்று டாக்டர் சொன்னால், உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து அரைமணி நேரம் பெஞ்சில் படுக்க வை.

பென்னாகரம், நோயாளியின் மகன்: எங்க அம்மாவுக்கு 48 வயசு. வார்டுல மூணு நாளும் சிஸ்டருங்க கூப்பிட்டது "ஏ பாட்டி, நகரு" தான். கேட்டா சத்தம் போடறாங்க. இதையும் சொல்லுங்க.

தப்பு எங்கள் பக்கம்தான் தம்பி. வெயிலில் உழைத்த முகம் வயதைக் கூட்டிக் காட்டும், அதைப் பார்த்துப் பாட்டி என்பது அவமானம். பெயரைச் சொல்லி "அம்மா" சேர்த்தால் போதும். தெரியாவிட்டால் "உங்களை என்னன்னு கூப்பிடட்டும்?" என்று கேட்கலாம்.

கிருஷ்ணகிரி, நைட் டூட்டி செவிலியர்: மேடம், ஓய்வு பெற்றவங்க ஈஸியா சொல்லிடறீங்க. 40 பெட்டுக்கு நான் ஒருத்தி. பெயர் கேட்டு, அம்மா போட்டு, எட்டணா கணக்குப் பார்த்தா மருந்து யார் கொடுக்கறது?

நானும் தனியாளாக நின்றவள்தான், கோபம் புரிகிறது. ஆனால் "ஏ பாட்டி" என்பதற்கும் "லட்சுமிம்மா" என்பதற்கும் ஆகும் நேரம் ஒன்றுதானே?

பென்னாகரம்: அதானே! ஆள் பத்தலைன்னா மேல கேளுங்க, எங்க அம்மா மேல ஏன் காட்டணும்?

கிருஷ்ணகிரி: ஒரு நோயாளிக்கு ஆறு பேர் வந்து கட்டில் மேல உட்கார்ந்து பிரியாணி சாப்பிடறப்போ நீங்க வந்து பாருங்க சார்.

பென்னாகரம்: நான் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைய வுட்டுட்டு ஒத்தையா உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் கூலி போனா யார் தருவா?

இருவரும் நிறுத்துங்கள். தம்பி, "எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க" என்று எத்தனை தடவை கேட்டாய்? பத்து இருக்குமா? அந்தச் சிஸ்டர் அதை நச்சரிப்பு என்று நினைத்திருப்பார், உனக்கோ அது கூலிக் கணக்கு. உன் அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்திருக்கும், பெரும்பாலும் நம் பெண்கள் பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் கிடப்பார்கள். மகன் பக்கத்தில் நின்றால் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் சிஸ்டர், கூட இருப்பவரை ஒரு நிமிடம் வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கிருஷ்ணகிரி: நாற்பது பேர் கிட்டயுமா?

சரி, ஒன்றே ஒன்று செய். ஒவ்வொரு கட்டிலை விட்டு நகரும்போதும் எப்போது திரும்பி வருவாய் என்று சொல்லிவிட்டு நகரு. "பதினோரு மணி ஊசிக்கு வருவேன், அதுக்கு முன்ன வேணும்னா கூப்பிடுங்க." சொன்ன நேரத்துக்குப் போ. முடியாவிட்டால் ஆள் விட்டாவது சொல். ராத்திரி "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுகிறவர்களில் பலருக்கு எதுவும் தேவையிருக்காது, நீ வருவாயா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அரூர்: எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு அறிவிப்பு எப்போ?

காவேரிப்பட்டணம்: எம்ஆர்பி-ல சீனியாரிட்டி பார்ப்பாங்களா?

வாரியத்தின் இணையதளத்தைப் பாருங்கள். வாரியம் நானில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி: அம்மாவுக்கு சர்க்கரை 280. என்ன மாத்திரை போடலாம்?

மாத்திரை நான் சொல்லக்கூடாது. நாளைக்குக் காலையில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு. வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் எது இருந்தாலும் இன்றைக்கே, 108-க்கு அடித்து.

பர்கூர்: டாக்டர் இன்னும் சொல்லாத நோயை நோயாளி நம்மிடம் கேட்டால், "ஒண்ணும் இல்லை" என்று சொல்லலாம்தானே?

மேலே என்ன எழுதினேன்? கூடாது. "நீங்க கேட்டீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்றேன், அவர் வரப்போ நானும் கூட நிக்கறேன்" என்று சொல். நிற்கவும் வேண்டும்.

கிருஷ்ணகிரி: நாளைக்கும் நைட்தான். அந்தப் பதினோரு மணியைச் சொல்லிப் பார்க்கிறேன். சத்தம் குறையலைன்னா மறுபடி இங்க வந்து சண்டை போடுவேன்.

வா. பென்னாகரத்துத் தம்பியும் இருப்பார்.