டர்பனில் குழந்தைகளோடு தொண்டு: வீட்டை விட்டுக் கிளம்புமுன் கேட்கப்பட்டவை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரம் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சில மாதங்கள் குழந்தைகளோடு தொண்டு செய்ய வர விரும்பும் தமிழர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் ஊரிலேயே இருக்க, தான் மட்டும் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். நான் இங்கே சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூர்த் தொண்டர்களைத் தயார் செய்திருக்கிறேன். அவர்கள் விமானம் ஏறிய பிறகு குழந்தைகள் படும் பாட்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சில பதில்கள் கண்டிப்பாக இருக்கும். குழந்தைகள் விஷயம் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை, ஆசிரியை): மே மாதம் முழுக்க எனக்கு விடுமுறை. ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றில் சின்னக் குழந்தைகளைத் தூக்கிவைத்துக் கொஞ்சி, சோறு ஊட்டி, தூங்க வைக்க ஆசை. வரலாமா அக்கா?

பதில்: அந்த வேலைக்கு வர வேண்டாம் தங்கச்சி. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு மாதம் என்பது பெரிய காலம். உங்கள் குரல், வாசனை, புடவை எல்லாம் அதற்குப் பழகிவிடும். பிறகு ஒரு நாள் காலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அடுத்த மாதம் வேறு ஒருவர் வருவார். இப்படி ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லங்களில் வளரும் குழந்தை, முன்பின் தெரியாத யார் வந்தாலும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது பாசமாகத் தெரியும். எனக்கோ வயிற்றைக் கலக்கும். யாரை நம்பலாம், யாரிடம் விலகி நிற்க வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குப் பிடிபடாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

இங்குள்ள இல்லங்களில் இருக்கும் பலருக்கு அம்மாவோ பாட்டியோ சித்தியோ எங்கேயாவது இருக்கிறார்கள். குழந்தைகள் நீதிமன்றத்தின் உத்தரவால் வந்திருப்பார்கள். அந்த உத்தரவு நீட்டிக்கப்படாவிட்டால் இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும். அதற்குள் சொந்தக் குடும்பத்தோடு சேர்த்துவைக்க வழி தேட வேண்டும். ஊட்டுவதும் தாலாட்டுவதும் அங்கேயே நிரந்தரமாக வேலை பார்க்கும் அம்மாக்களின் கையில் இருப்பதுதான் குழந்தைக்கு நல்லது.

ஆனால் நீங்கள் ஆசிரியை, அதுவும் மே மாதம். இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மே மாதம் வகுப்புகள் முழு வேகத்தில் நடக்கும். 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வாசிப்பு ஆய்வான பிர்ல்ஸ், இந்த நாட்டின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்க முடியாத நிலையில் இருப்பதாகக் காட்டியது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மதிய உணவுக்குப் பிறகு நடக்கும் வாசிப்பு வட்டங்களுக்கு ஆள் தேவை. 2012 முதல் நடக்கும் 'நலிபாலி' வாசிப்பு இயக்கம் சூலு உட்பட இந்நாட்டு மொழிகளில் கதைகளை வெளியிடுகிறது. வகுப்பு ஆசிரியையோடு உட்கார்ந்து அந்தக் கதைகளுக்குப் பட அட்டைகள் செய்துகொடுங்கள். நீங்கள் போன பிறகும் அவை வகுப்பில் இருக்கும், அவரும் இருப்பார்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான்கு மாதம் வரப்போகிறேன். ஆறு வயது மகனைக் கணவரிடமும் மாமியாரிடமும் விட்டு வருகிறேன். "அங்கே இருக்கிற பிள்ளைகளைத்தான் உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டுவிட்டான். பதில் சொல்ல வரவில்லை.

பதில்: அவன் கேட்டது நியாயமான கேள்வி. "சீ, அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "நான் உன் அம்மா. அங்கே நான் டீச்சர். அவர்களுக்கு அவரவர் வீட்டில் ஆள் இருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இது அவனுக்காக மட்டும் சொல்லும் வாக்கியம் அல்ல. இங்கே வந்ததும் ஏதாவது ஒரு குழந்தை உங்களை அம்மா என்று கூப்பிடும். அப்போது உங்களுக்கே இது தேவைப்படும்.

கிளம்பும் நாளை மறைக்காதீர்கள். பிள்ளை தூங்கும்போது நழுவிப் போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு; அழுகையைப் பார்க்க நமக்குத் தெம்பு இல்லாததால்தான் அப்படிச் செய்கிறோம். அடுத்த நாள் முதல் அவன் தூங்கவே பயப்படுவான். விழித்திருக்கும்போதே சொல்லிவிட்டு வாருங்கள், அழட்டும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே குளிப்பாட்டல், வீட்டுப்பாடம், பள்ளி வேன் என்று ஒவ்வொன்றாகக் கணவர் கைக்கு மாற்றுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அவர் தடுமாறித் தேறட்டும். பள்ளி ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள். மாமியார் மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருவதை நான் ஏற்க மாட்டேன். அவர் சம்மதித்தாரா, வாய் திறக்காமல் இருந்தாரா என்று உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

தொலைபேசிக்கு: டர்பன் நேரம் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே மாலை நான்கு என்றால் அங்கே ஏழரை. அவன் சாப்பிட்டு முடிக்கும் நேரம். ஒரே நேரத்தில், தினமும், சின்னதாகப் பேசுங்கள். ஒரு நாள் அவன் "விளையாடப் போறேன்" என்று வைத்துவிட்டால் மனம் நோகாதீர்கள். நிம்மதியாக இருக்கிறான் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள குழந்தைகளை வீடியோவில் அவனுக்குக் காட்ட வேண்டாம். அவன் மனசுக்காகவும், இவர்கள் அடையாளத்தைப் பாதுகாக்கவும்தான். நீதிமன்ற வழக்கில் உள்ள குழந்தையின் பெயரோ முகமோ வெளியே தெரியும்படி எதையும் வெளியிட எங்கள் சட்டம் தடை போடுகிறது.

கேள்வி (சென்னை): சுற்றுலா விசாவில் வந்துவிட்டு, பிடித்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார். சரியா?

பதில்: தவறு. மூன்று மாதத்துக்கு மேல் தொண்டு செய்ய, அதற்கென்றே நீண்டகால வருகை விசா இருக்கிறது. மூன்று வருடம் வரை தர சட்டத்தில் இடம் உண்டு. குறைந்த காலம் என்றாலும் விண்ணப்பத்தில் உண்மையான நோக்கத்தை எழுதுங்கள். வந்த பிறகு வருகை விசாவை வேறு வகைக்கு மாற்றச் சாதாரணமாக முடியாது. நிறுவனத்தின் கடிதம், காவல்துறை நற்சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். இந்தியச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா மூலம் விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும் வாங்க வேண்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

எந்த நிறுவனமானாலும் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் சமூக மேம்பாட்டுத் துறை. மழலையர் மையம் என்றால், 2022 ஏப்ரல் முதல் அந்தப் பொறுப்பு அடிப்படைக் கல்வித் துறைக்கு வந்துவிட்டது. கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். உங்களைப் பற்றி எதுவுமே விசாரிக்காமல், பணம் கட்டினால் போதும் என்று சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கும் போகாதீர்கள். உங்களை விசாரிக்காதவர் வேறு யாரையும் விசாரித்திருக்க மாட்டார்.

கேள்வி (திருநெல்வேலி): வகுப்பில் அடங்காத பையனை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் தப்பா? நாமெல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்.

பதில்: தப்பு, சட்ட விரோதமும்கூட. பள்ளியில் அடிப்பதை 1996-இன் பள்ளிகள் சட்டம் தடை செய்தது. வீட்டில் பெற்றோர் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் எடுத்துவிட்டது. காதைத் திருகுவது, முட்டி போட வைப்பது எதுவும் கூடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி: சூலுக் குழந்தை பெரியவர் கண்ணைப் பார்க்காமல் தலை குனிந்து நின்றால் அது மரியாதை. திமிர் என்று நினைத்து அதட்டாதீர்கள். கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள், நீங்களும் அப்படியே வாங்குங்கள். "சாவுபோனா" என்று முதலில் நீங்களே வணக்கம் சொன்னால் பாதி அதட்டலுக்குத் தேவையே வராது.

கேள்வி (ஈப்போ, மலேசியா): ஒரு குழந்தை நம்மிடம் தனியாக வந்து, வீட்டில் தனக்கு யாரோ கெடுதல் செய்வதாகச் சொன்னால் என்ன செய்வது? யாரிடமும் சொல்லக் கூடாது என்று கெஞ்சினால்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி ஐயா. புறப்படுமுன் ஒவ்வொருவரும் மனத்தில் ஒத்திகை பார்க்க வேண்டிய நேரம் இது.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லியாக வேண்டும்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். யார், எங்கே, எத்தனை தடவை என்று தோண்டித் துருவாதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், உங்கள் கேள்விகளே பின்னால் வழக்கைக் கெடுத்துவிடலாம். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை" என்பது போதும். பிறகு குழந்தை சொன்ன அதே சொற்களில், தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

குழந்தைகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, பராமரிப்பு மையங்களில் வேலை செய்கிற தொண்டர்களையும் சேர்த்தே கட்டாயப்படுத்துகிறது. நியாயமான காரணத்தோடு சந்தேகம் வந்தால் சமூக மேம்பாட்டுத் துறையிடமோ, நியமிக்கப்பட்ட குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ, காவல்துறையிடமோ தெரிவித்தே ஆக வேண்டும். அதற்கான படிவத்தின் எண் 22. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. இல்லத்தின் பொறுப்பாளரே "இதைப் பெரிதாக்காதீர்கள்" என்றால் அவரைத் தாண்டிப் போங்கள். குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசியான சைல்ட்லைனின் எண் இங்கே 116, இலவசம். அன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது மனம் பொங்கும். மனைவியிடம் "இன்று பாரமாக இருக்கிறது" என்று சொல்லலாம். குழந்தையின் கதையைச் சொல்லக் கூடாது.

கேள்வி (சேலம்): அங்கே எச்.ஐ.வி. அதிகம் என்று என் அம்மா அழுகிறார். எப்படிச் சமாதானம் சொல்வது?

பதில்: அதிகம் என்பது உண்மைதான் அம்மா. ஆனால் கட்டிப்பிடிப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, எச்சிலாலோ, கொசுவாலோ பரவாது. தினமும் மாத்திரை சாப்பிட்டு நன்றாக வளர்ந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் நிறையப் பேர். ரத்தக் காயத்துக்கு மருந்து போடும்போது கையுறை போடுவது எல்லாக் குழந்தைக்கும் பொது விதி. அதனால் யாருக்கு இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை; கேட்கவும் கூடாது. ஊசி குத்திவிட்டது போன்ற விபத்து நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுங்கள். டர்பனில் மலேரியா கிடையாது. மாகாணத்தின் வடகோடிக்குப் போனால்தான் அந்த யோசனை.

கேள்வி (பெங்களூர்): என்ன என்ன எடுத்துவர வேண்டும்?

பதில்: முதலில் இந்திய சிம்முக்கு ரோமிங் போடுங்கள். ஓ.டி.பி. வராமல் ஊரில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் தவித்தவர்கள் உண்டு. பிளக் பற்றிக் கவலை வேண்டாம். நம் வீட்டு 15 ஆம்ப் பெரிய மூன்று முனை பிளக்தான் இங்கும் பரவலாக இருப்பது. ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம். டர்பனில் மெல்லிய ஸ்வெட்டர் போதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் போனால் போதாது. மருந்துக்குச் சீட்டு. மருத்துவக் காப்பீடு கட்டாயம். மசாலா, பருப்பு எதுவும் சுமக்க வேண்டாம். எல்லாம் இங்கே கிடைக்கிறது. குழந்தைகளுக்கு மூட்டை மூட்டையாகப் பரிசும் வேண்டாம்.

கேள்வி (பீனிக்ஸ், டர்பன்): எங்கள் வீட்டில் தொண்டர் ஒருவரைத் தங்கவைக்கிறோம். ஆன்ட்டி, நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தனி அறை, தனிச் சாவி, நல்ல வைஃபை. அவர் வீட்டோடு பேசும் நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். இருட்டிய பிறகு தனியாக நடந்து போக விடாமல் காரில் கூட்டி வாருங்கள், தெருவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். ஆனால் வந்த அன்றே கொள்ளைக் கதைகளைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள், அது இரவோடு இரவாக ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தின் காயம், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் நம் பீனிக்ஸிலும், பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவிலும் ஆறவில்லை. சாப்பாட்டு மேசையில் நாம் பக்கத்து மக்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் மறுநாள் அந்தக் குழந்தைகள் முன்னால் போய் நிற்பார். உங்கள் வீட்டுப் பேச்சு அவர் பார்வையைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். இனாண்டாவில் 1904-இல் காந்தி தொடங்கிய குடியிருப்புக்கும் கூட்டிப் போங்கள்.

கேள்வி (திருச்சி): விடுமுறைக்கு ஒன்பது வயது மகளை மட்டும் இரண்டு வாரம் கூட்டி வரலாமா?

பதில்: வரலாம். இரு பெற்றோர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும், ஊரில் இருக்கும் கணவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். ஆனால் நீங்கள் வேலை செய்யும் இல்லத்துக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டாம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு பிள்ளையை அங்குள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை யோசியுங்கள். அந்த இரண்டு வாரமும் விடுப்பு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், முன்பு கேட்டவரே): டர்பனை விட்டுக் கிளம்பும்போது அங்குள்ள பிள்ளைகளிடம் எப்படி விடைபெறுவது? திரும்பிப் போனதும் வீட்டில் எப்படி இருக்கும்?

பதில்: முதல் நாளே "நான் செப்டம்பர் வரை இருப்பேன்" என்று மாதத்தைச் சொல்லிவிடுங்கள். கடைசி இரண்டு வாரம் நாட்காட்டியில் அவர்களோடு சேர்ந்து நாட்களை அடியுங்கள். "மறுபடியும் வருவேன்" என்று சொல்லாதீர்கள்; டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் சொல்லலாம். தனித்தனியாகப் போன் எண் கொடுப்பதும் வேண்டாம். கடிதம் எழுத வேண்டுமானால் வகுப்பு முழுவதுக்கும், ஆசிரியை வழியாக எழுதுங்கள்.

வீட்டில், அடுக்களை முதல் படிப்பு மேசை வரை எல்லாம் இடம் மாறியிருக்கும். கணவரும் மகனும் தங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருப்பார்கள். வந்த வாரமே எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைக்காதீர்கள். மகன் சில நாள் உங்களிடம் ஒட்டாமல் அப்பா பின்னாலேயே போகலாம், அதற்கும் தயாராக வாருங்கள். முடிந்தால் வேலைக்குத் திரும்புமுன் இரண்டு வாரம் விடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு அந்த இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள். எங்கேயாவது போய்வர ஆசைப்பட்டால் டிக்கெட்டும் எடுத்துக் கொடுங்கள்.