பாலை நிலக் காட்டுத் தாவரங்களின் மரபணுப் பல்வகைமையை அளக்க எந்த மூலக்கூறுக் குறிப்பான் (செடிக்குச் செடி வேறுபடும் டி.என்.ஏ. அடையாளம்) ஏற்றது?

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலுள்ள ரிக்டர்ஸ்வெல்ட் பாலையில் வளரும் மரக் கற்றாழைகளை ஆய்வுக்கு எடுத்திருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர், செலவு குறைந்த ஐ.எஸ்.எஸ்.ஆர். (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர்களுக்கு இடைப்பட்ட துண்டுகளைக் காட்டும்) குறிப்பான்களே போதுமா என்று கேட்டிருக்கிறார். டர்பனில் தாவர மரபியல் ஆய்வகமொன்றில் பணிபுரிபவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

தனித்தனியாக நிற்கும் கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு விலகியுள்ளன என்று தோராயமாக அறிய அவை போதும். உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுள்ள செடிகளுக்குள்ளேயே இனப்பெருக்கம், நடக்கிறதா என்று அறியப் போதா. டி.என்.ஏ. துண்டுகளைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டை தெரிந்தால் அந்தத் துண்டு செடியில் உண்டு என்பது விளங்குமே தவிர, அது இரு பெற்றோர் வழியாகவும் வந்ததா, ஒருவர் வழியாக மட்டுமா என்பது விளங்காது. திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு தொடர்களின் நீளத்தையே அளக்கும் மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்கள் இதைப் பிரித்துக் காட்டும். ஆனால் உறவினம் ஒன்றுக்காக உருவாக்கிய பிரைமர்களை (டி.என்.ஏ. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகள்) கொண்டு வேலை செய்தால், சில அலீல்கள் (ஒரே இடத்தில் அமையும் மாற்று வடிவங்கள்) பெருகாமல் போய், இல்லாத உட்கலப்பை இருப்பதாகக் காட்டிவிடும். டி.என்.ஏ.வின் ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் பார்க்கும் எஸ்.என்.பி. முறை இன்னும் நுட்பமானது. எனினும் சோற்றுக்கற்றாழையின் மரபணுத் தொகுதியே மனிதருடையதைவிட நான்கு மடங்குக்கு மேல் பெரியது என்பதால், வரிசைப்படுத்தச் செலவிடும் பணம் இங்கே விரைவில் கரையும்.

குறிப்பானுக்கு முன்பே டி.என்.ஏ. பிரிப்பதில்தான் பலர் திணறுகிறார்கள். சதைப்பற்றுள்ள இலையின் வழவழப்பான கூழ் டி.என்.ஏ.யுடன் சேர்ந்தே படிந்து, பிப்பெட் முனையில் சளிபோல ஒட்டி இழுபடும். அதை அப்படியே டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரில் இட்டால் வினையே நடக்காது. கூழை வழித்தெடுத்துவிட்டு மேல்தோலை மட்டும் மெல்லிய கீற்றுகளாக அரிந்து, களத்திலேயே சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள், பிறகு டி.என்.ஏ. பிரிக்க உதவும் சி.டி.ஏ.பி. என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தும் முறையில் உப்பின் அளவைக் கூட்டி, பாலிவினைல் பைரோலிடோனும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

என் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, யாரிடமிருந்து மாதிரி எடுக்கிறீர்கள் என்பது. நீண்ட காலம் வாழும் முதிய மரங்கள், கூட்டம் செழித்திருந்த பழைய காலத்தின் பல்வகைமையையே சுமந்து நிற்கின்றன. கூட்டம் சுருங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அவற்றில் எண்கள் நன்றாகவே வரும். ஆகவே முதிய மரங்களையும் இளங்கன்றுகளையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 முதல் 30 வரை கிடைத்தால் நல்லது. கன்றுகளே கிடைக்காத கூட்டமாக இருந்தால், அதையே முடிவாக எழுதலாம்.

அலோயிடென்ட்ரான் பில்லான்சி என்ற மரக் கற்றாழை உங்கள் பட்டியலில் இருந்தால், அது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள இனம் என்பதால், மாகாண அனுமதி பெறாமல் இலையைத் தொடவேண்டாம். செடித் திருட்டு மலிந்த பகுதி அது. ஆய்வேட்டில் கூட்டங்களுக்குக் குறியீட்டுப் பெயர் மட்டும் இட்டு, துல்லியமான இருப்பிடத்தை அனுமதி வழங்கிய அலுவலகத்துக்குத் தனியாகக் கொடுங்கள்.