புது டிசைனுக்குக் கை வராதது ஏன்?

கேள்வி: பத்தமடையில் சில பெண்களை வைத்துக் கோரைப்பாய் நெய்கிறேன். பாய்க்கு இவ்வளவு என்று கூலி. புது டிசைன் கொடுத்தால் தொட மாட்டேன் என்கிறார்கள். இளம்பெண்களோ தையல் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. கோரையை மெல்லிசாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பாவுக்குள் (தறியில் நெடுக்காகக் கட்டிய நூல்) நுழைத்து நெய்கிறவருக்குப் புது டிசைன் என்றால் கை தடுமாறும். பிரித்து மறுபடி நெய்ய வேண்டிவரும். அன்றைக்குக் கூலி போச்சு. உங்கள் சோதனைக்கு அவர் ஏன் செலவு செய்ய வேண்டும்?

வாரத்தில் ஒரு நாளை நாள்கூலியாக்குங்கள். அன்று மேசை விரிப்பு அளவில் மட்டும் முயலட்டும். நன்றாக வந்தால் விலைச்சீட்டில் நெய்தவர் பெயரைப் போடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். பழக வரும் பெண்ணுக்கும் முதல் நாளிலிருந்தே கூலி உண்டு என்று சொல்லுங்கள்.

அப்புறம் பணம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் ரூ.3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம் (அதிகபட்சம் ரூ.50,000) உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.