காம்பைச் சுற்றிய பச்சை

அன்புள்ள ஐயா,

தக்காளி இப்போது தண்ணீராகத்தான் இருக்கிறது. நல்ல சிவப்பாக, உருண்டையாக, கெட்டியாகப் பொறுக்கித்தான் வாங்குகிறேன். வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். ஆனாலும் சின்ன வயதில் தின்ற ருசி இல்லை. ரசாயன உரமா, அல்லது வயதாகி என் நாக்குதான் மரத்துவிட்டதா? இயற்கை விவசாயப் பழம் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நாக்கு மரத்துவிட்டதா என்று கேட்டீர்களே, அதைப் படித்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சில நாட்களாக எனக்கும் இதே யோசனைதான். உங்கள் நாக்குக்கு ஒன்றுமில்லை. உரச் சண்டையை விடுங்கள். ரகமே சப்பென்றிருந்தால் எந்த உரம் போட்டு என்ன?

எங்கள் வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில், யாரும் நடாமலே ஒரு தக்காளிச் செடி முளைத்தது. பழமெல்லாம் கோணல்மாணல், வெடிப்பு வேறு. காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சை. பழுத்தாலும் அது லேசில் போகாது. "இதுக்குப் பழுக்கவே தெரியலை" என்பாள் அம்மா. நான் வெயில் சூட்டோடு பறித்து, சட்டையெல்லாம் சாறு ஒழுகத் தின்பேன்.

அந்தப் பச்சையைத்தான் புது ரகம் உருவாக்குபவர்கள் ஒழித்துவிட்டார்கள். காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்தால் பறிக்கும் பருவம் சுலபமாகத் தெரியும். பழுத்தால் திட்டில்லாத சிவப்பு. அதனால் சுமார் 70 வருடம் அப்படிப்பட்ட ரகங்களாகவே பார்த்துப் பெருக்கினார்கள். அதற்குக் காரணமான மரபணுவை 2012-ல்தான் கண்டுபிடித்தார்கள். பழுதான மரபணு அது! சரியாக வேலை செய்தால் காயில் பச்சையம் கூடும், காயே வெயிலை வாங்கித் தன் பங்குக்குக் கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்ளும். அழகுக்காக அந்தச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டோம். அப்போது அது யாருக்கும் தெரியவே தெரியாது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மணமும் போயிற்று. 2017-ல் கிட்டத்தட்ட 400 ரகங்களைச் சோதித்தார்கள். ருசியோடு தொடர்புள்ள 13 மணப்பொருட்கள், பழைய ரகங்களைவிடப் புது ரகங்களில் குறைந்திருந்தன. விளைவிப்பவருக்கு எடைக்குத்தான் காசு. மணத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? நீங்களா? சிவப்பும் உருண்டையும் பார்த்துப் பொறுக்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவையாவது மோந்து பார்த்தீர்களா?

அதோடு விட்டீர்களா, ஃபிரிட்ஜில் வேறு வைத்தீர்கள். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனால் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் படுத்துவிடும். நாள்கணக்கில் குளிரில் கிடந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் முழுசாகத் திரும்பாது. மிச்சமிருந்ததையும் கொன்றுவிட்டு உரத்தின் மேல் பழி போடுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பல வருடம் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பின்பக்கம் சிமெண்ட் போட்டபோது வழியில் நின்றது. நான்தான் பிடுங்கினேன். ஐந்தாறு பழம் தொங்கிக்கொண்டிருந்தது. நின்றபடியே அத்தனையையும் தின்றேன், விதையோடு.

அன்புடன்.