அம்மாவின் மறதிக்குக் காணியை ஈடு வைத்து ஸ்கான் எடுக்க வேண்டுமா?

வணக்கம் தங்கச்சி. முல்லைத்தீவில் இருக்கும் அம்மாவுக்கு மறதி கூடுகிறது, காணியை ஈடு வைத்தாவது வெளிநாட்டில் அமிலாய்டு பெட் ஸ்கான் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குக் காணியில் கை வைக்காதீர்கள்.

அந்த ஸ்கான், அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையின் நரம்புக்கலங்களுக்கு வெளியே படியும் அமிலாய்டு புரதத்தைக் காட்டும். ஆனால் மறதி தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே அது படியத் தொடங்கிவிடும். படிந்திருந்தும் தெளிவாக நடமாடும் முதியவர்கள் நிறையப் பேர். நினைவு குறைவதோடு நெருங்கி வருவது கலங்களுக்கு உள்ளே முறுக்கேறும் டௌ புரதம்தான். அமிலாய்டைக் குறைக்கும் புது மருந்துகளும் ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்குத்தான், அதிலும் மூளையில் வீக்கம், கசிவு வரலாம்.

முதலில் கிட்டடி ஆஸ்பத்திரியில் தைராய்டு, பி12, சீனி பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வையும் விசாரிக்கச் சொல்லுங்கள். வன்னியில் எத்தனை தாய்மார் அதை வாய்விட்டுச் சொல்லாமலே இருக்கிறார்கள்! விழுந்து தலை அடிபட்டிருந்தால் சாதாரண சிடி ஸ்கானே இரத்தக்கட்டைக் காட்டிவிடும். இவையெல்லாம் மறதியைத் தரலாம், ஆனால் வைத்தியம் செய்யக்கூடியவை.

வீட்டில் அம்மா மறதியில் ஏதும் சொன்னால் வாதாடாதீர்கள். மறதி வந்த என் அம்மம்மா பொழுதுபட்டதும் கயிற்றோடு படலையடிக்குப் போவா. 2009இல் விட்டுவந்த மாட்டைக் கட்ட வேண்டுமாம். மாடு இல்லை என்றால் அழுவா. கயிற்றை வாங்கி, "நான் கட்டிவிட்டன் அம்மம்மா, தேத்தண்ணி குடியுங்கோ" என்றால் வந்து இருப்பா.

அப்புறம், அம்மா போடும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் காட்டுங்கள். சில நித்திரைக் குளிசைகளே மறதியைக் கூட்டும்.