பதினாறு டன் நிலக்கரி வேகன், பித்தளையில்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எட்ச்சிங் செய்த பித்தளைத் தகட்டுக் கிட்டிலிருந்து (பாகங்களை வெட்டியெடுத்து நாமே கட்டும் தொகுப்பு) நான் கட்டி முடித்த மாடல் நிலக்கரி வேகனின் படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். தனித்தனியாக எழுதி மாளாது, ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது பிரிட்டிஷ் ரயில்வேயின் 16 டன் இரும்பு வேகன். 1950களில் ஒரே வடிவத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அளவு, நிஜத்தில் ஒரு அடிக்கு மாடலில் 4 மில்லிமீட்டர், அதாவது 76இல் ஒரு பங்கு. நிஜ வேகன் 16 அடி 6 அங்குலம், என்னுடையது 66 மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

சேலத்திலிருந்து: அண்ணா, எட்ச்சிங் தகடு என்கிறீர்களே, அதை எப்படிச் செய்கிறார்கள்? லேசரா?

லேசர் இல்லை, அமிலம். பாலிடெக்னிக்கில் பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை) செய்திருக்கிறீர்களா? பெர்ரிக் குளோரைடு தட்டில் செம்புப் பலகையைப் போட்டு ஆட்டுவோமே, அதே சமாச்சாரம்தான். பித்தளைத் தகட்டின் இரண்டு முகத்திலும் ஒளிபட்டால் மாறும் பூச்சைப் பூசி, ஃபிலிம் வைத்து புற ஊதா ஒளி காட்டி, கழுவி, பெர்ரிக் குளோரைடைப் பீய்ச்சுவார்கள். இரண்டு முகத்திலிருந்தும் அரித்தால் ஓட்டை. ஒரு முகத்தில் மட்டும் அரித்தால் பாதி ஆழத்துக்குப் பள்ளம். அதைத்தான் ஹாஃப் எட்ச் என்கிறோம். மடிப்புக் கோடு, கதவின் விளிம்பு, ரிவெட் குத்தும் புள்ளி எல்லாம் இதில் வருபவை.

அமிலம் நேராகக் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் தின்னும். அதனால் ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் நடுவில் மெல்லிய முகடு நிற்கும். விரலை ஓட்டினால் தெரியும். அதை அரம் போட்டு எடுக்காமல் ஒட்டினால் மூலை சேராது. முதல் முறை கட்டுகிறவர்கள் பாதிப் பேர் இதை விட்டுவிட்டு, "இந்தக் கிட் சரியில்லை" என்று திட்டுவார்கள்.

திருச்சியிலிருந்து: இதே வேகன் பிளாஸ்டிக்கில் கால் விலைக்குக் கிடைக்கிறதே சார். எதற்கு இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. ஏர்ஃபிக்ஸ் என்ற கிட் கம்பெனி ஒரு காலத்தில் இதே வேகனைப் பிளாஸ்டிக் கிட்டாக விற்றது, நல்ல கிட். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிஜ அளவில் அது 76 மில்லிமீட்டர், மூன்று அங்குலம். கோட்டைச் சுவர்! நிஜத் தகடு அரை அங்குலம்கூட இல்லை. கால் மில்லிமீட்டர் பித்தளையும் கணக்குப்படி கொஞ்சம் தடிமன்தான், ஆனால் கண் ஏமாந்துவிடும்.

இந்த வேகன் மூடியில்லாதது. காலியாக நிற்கும்போது மேல் விளிம்புதான் முதலில் கண்ணில் படும். அதனால் காலி இரும்பு வேகனுக்குப் பித்தளை. மேலே கரி நிரப்பிவிடப் போகிறீர்களா? பிளாஸ்டிக்கே போதும். மரப்பலகை வேகனுக்கும் என் கட்சி பிளாஸ்டிக்தான். பலகையின் தடிமனைப் பித்தளையில் காட்ட இரண்டு தகட்டை முதுகோடு முதுகு சேர்க்க வேண்டும், வீண் வேலை.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, பெட்டியின்ரை பக்கத்தை மடிக்கேக்கை கோட்டோடை முறிஞ்சு போச்சு. புதுசு எடுக்கத்தான் வேணுமோ?

வேண்டாம் தம்பி, பயப்படாதீங்கள். எல்லாருக்கும் முறிந்திருக்கிறது. முறிந்த இரண்டு ஓரத்தையும் சுத்தம் பண்ணி, நேர்கோணமாக அறுத்த மரக்கட்டையில் சாய்த்து வைத்து, இரண்டு முனையிலும் ஒரு பொட்டு சால்டர் (உருக்கிப் பற்றவைக்கும் ஈயம்) வையுங்கள். கோணம் சரியா என்று பார்த்த பிறகு உள்பக்கம் முழுக்க ஓட்டிவிடுங்கள். வெளியில் தெரியாது.

அடுத்த மடிப்புக்கு: பள்ளக் கோடு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். கிட்டின் குறிப்பில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். தகடு முரண்டு பிடித்தால் கையால் நெருக்காமல், முக்கோண அரத்தின் விளிம்பால் கோட்டை இரண்டு தடவை இழுத்து ஆழப்படுத்துங்கள். முழு நீளத்தையும் இரண்டு இரும்புப் பட்டைக்கு நடுவே பிடித்து ஒரே மூச்சில் மடிக்க வேணும். மடித்து, நிமிர்த்தி, திரும்ப மடித்தால் பித்தளை பொறுக்காது. மடித்த உடனே உள்மூலையில் சால்டர் ஓட்டினால் பலம்.

கோவையிலிருந்து: சால்டர் தகட்டில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன், ரேடியோ வேலைக்கு வாங்கியது. என்ன தப்பு?

மூன்று தப்பு இருக்கலாம்.

முதலாவது அழுக்கு. பித்தளை கண்ணுக்குப் பளபளவென்று இருந்தாலும் மேலே ஆக்சைடு படலம் இருக்கும். கண்ணாடி நார் பிரஷ்ஷால் தேயுங்கள் (அதன் நார் விரலில் ஏறினால் இரண்டு நாள் நமநமக்கும், கையுறை போடுங்கள்). கறுத்துப் போன பழைய தகடு என்றால், அம்மா குத்துவிளக்கு துலக்குகிற புளியே போதும். தேய்த்துக் கழுவி, துடைத்து, அன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள்.

இரண்டாவது ஃப்ளக்ஸ், அதாவது ஆக்சைடை நீக்கி சால்டரை ஓட வைக்கும் சமாச்சாரம். ரேடியோ வேலைக்கான குங்கிலியப் பசை இங்கே சோம்பேறி. மிச்சமும் பிசுபிசுவென்று நிற்கும், பெயின்ட் பிடிக்காது. நாங்கள் போடுவது நீர்த்த பாஸ்பாரிக் அமிலம். முன்பு தெருவில் ஈயம் பூச வருகிறவர் சுட்ட பாத்திரத்தில் நவச்சாரம் தூவி வெள்ளீயத்தைத் துணியால் இழுப்பாரே, அந்த நவச்சாரம் செய்த வேலையைத்தான் இது செய்கிறது. ஒரு சொட்டு இணைப்பில் விட்டு, அயர்ன் முனையில் துளி சால்டரை ஏந்திக்கொண்டு போய்த் தொட்டால், 'சுர்' என்று ஆவி கிளம்பும், சால்டர் இடுக்குக்குள் தானாக ஓடிவிடும்.

மூன்றாவது சூடு. பித்தளை சூட்டை வேகமாக இழுத்துக்கொண்டு போய்விடும். ஊசி முனையுள்ள 25 வாட் அயர்ன் தொட்டதும் குளிர்ந்துவிடும். 50 வாட்டுக்குக் குறையாத, சூட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய அயர்னும் உளி மாதிரி அகலமான முனையும் வேண்டும். சின்ன வேலைக்குச் சின்ன அயர்ன் என்ற நினைப்பு இங்கே உதவாது. பெரிய அயர்ன் ஒரு விநாடி தொட்டு விலகினால் பக்கத்து இணைப்பு அசையாது. சின்ன அயர்னை வைத்துப் பத்து விநாடி அழுத்திக்கொண்டிருந்தால் மொத்த வேகனும் சூடாகி எல்லாம் கழன்று விழும். கீழே மரப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். உலோக மேடை சூட்டைத் திருடும். கிட் நிக்கல் சில்வரில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பேரில்தான் வெள்ளி, இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். பித்தளையைவிடச் சூட்டை மெதுவாகக் கடத்தும், அதனால் சால்டர் சுலபம்.

சூலூரிலிருந்து: நான் பத்தாவது படிக்கிறேன் அங்கிள். அமிலம் என்றதும் வீட்டில் திட்டுகிறார்கள்.

திட்டுவது சரிதான் தம்பி. அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். கண்ணாடி கட்டாயம், ஃப்ளக்ஸ் கொதித்துத் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து வை. சால்டரில் காரீயம் இருக்கிறது, கை கழுவாமல் எதையும் தின்னாதே. ஜாமெட்ரி பாக்ஸை அந்த மேசையில் வைக்காதே, ஆவி பட்டால் காம்பஸ் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் வேகனைப் பாத்திரம் கழுவும் பவுடரும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்து வெந்நீரில் தேய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

மதுரையிலிருந்து: பஃபர் (வேகன் முனையில் இடி தாங்கும் பாகம்) வைக்கப் போனேன், பஃபரே உருகி ஓடிவிட்டது.

அது வெள்ளை உலோக வார்ப்பு, பித்தளைக்கு வைத்த சூட்டைத் தாங்காது. சால்டரில் படிக்கட்டு உண்டு. மடிப்பு, உடல் எல்லாம் 188 டிகிரியில் உருகும் சால்டரில் முடியுங்கள் (வெள்ளீயம் 60, காரீயம் 40). மேலே ஒட்டும் சின்னச் சின்னப் பாகங்கள் 145இல். கடைசியாக வார்ப்புகள் 70இல், அயர்னின் சூட்டைக் குறைத்துக்கொண்டு. இப்படி இறங்கிக்கொண்டே வந்தால் முன்னால் வைத்தது கழலாது.

ஒரு சூட்சுமம்: 70 டிகிரி சால்டர் வெறும் பித்தளையில் சரியாகப் பிடிக்காது. வார்ப்பு உட்காரும் இடத்தில் முதலில் 145ஐ மெலிதாகப் பூசிவிட்டு அதன்மேல் வையுங்கள். 70 டிகிரி சால்டரில் கேட்மியம் இருக்கக்கூடும், புகையை நுகராதீர்கள்.

பெங்களூரிலிருந்து: பார்க்க அழகாக வந்துவிட்டது. ஆனால் பாயின்ட்டில் (தண்டவாளம் பிரியும் இடம்) ஏறினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது, தடம் புரள்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். எல்லாரும் முதலில் உடலைக் கட்டி, கதவைக் கொஞ்சி, படம் எடுத்துவிட்டு, கடைசியில் அடிச்சட்டத்துக்கு வருகிறார்கள். தலைகீழ். நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் தண்டவாளத்தைத் தொடாத வேகன், வேகன் இல்லை. அது பொம்மைக்கொலுவில் வைக்கிற சாமான்.

கட்டிலின் நான்கு கால் தரை மேடுபள்ளமாக இருந்தால் ஆடும். முக்காலி ஆடாது. அதே வித்தைதான். ஒரு அச்சை அசையாமல் நிறுத்திவிட்டு, இன்னொரு அச்சைத் தாங்கும் பாகத்தை நடுவில் ஒரு கம்பியில் கோத்து ஊஞ்சலாட விடுங்கள். இதற்கான மடக்குத் துண்டு பல கிட்டுகளிலேயே இருக்கும், தனியாகவும் கிடைக்கும். வேகன் மூன்று புள்ளியில் நிற்கும், எந்தத் தண்டவாளத்திலும் நான்கு சக்கரமும் படியும். இன்னும் நயம் வேண்டுகிறவர்கள் கிட்டார் கம்பியை ஸ்பிரிங்காகப் போட்டு நான்கு சக்கரத்தையும் தனித்தனியாக மிதக்க விடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், ஓட்டம் வெண்ணெய். ஆனால் முதல் வேகனிலேயே வேண்டாம்.

இப்போது கட்டி முடித்ததை என்ன செய்வது? தடித்த கண்ணாடித் தட்டின்மேல் வைத்து மூலையை அழுத்துங்கள், டக் டக் என்று ஆடும் மூலை தெரியும். இரண்டு பக்கமும் அச்சுக்கு அச்சு தூரத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். இந்த வேகனுக்கு 9 அடி, அதாவது 36 மில்லிமீட்டர். 36 வராமல் 35.8 வந்தால்கூடப் பரவாயில்லை, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கத் தாங்கியைச் சூடாக்கி நகர்த்துங்கள்.

லண்டனிலிருந்து: பிரேக் பாகங்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது அண்ணா. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்துவிட்டேன், சரியா?

பெரும்பாலும் தப்பாக இருக்கும். கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேகன்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினிலிருந்து இயங்கும் பிரேக் கிடையாது. அந்தக் காலத்தில் செங்குத்தான இறக்கத்துக்கு முன் ரயிலை நிறுத்தி, ஆள் இறங்கி, தடியால் ஒவ்வொரு வேகனின் பிரேக் நெம்புகோலையும் அழுத்தி, அது எழும்பாதபடி ஆணி செருகிவிட்டுத்தான் ரயிலை இறக்குவார்கள். அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் வலது கைப் பக்கம் நெம்புகோல் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

இப்போது யோசியுங்கள். குறுக்கே ஒரே தண்டு. இந்தப் பக்கம் நெம்புகோலை அழுத்தினால் தண்டு ஒரு திசையில் சுற்றும். அந்தப் பக்கம் போய் அழுத்தினால் எதிர்த்திசையில்! ஒன்று பிரேக் பிடிக்கும், இன்னொன்று விட்டுவிடும். இதைச் சமாளிக்க ஒரு பக்கத்தில் மட்டும் திசையை மாற்றும் கிளட்ச் இருக்கும், மார்ட்டன் பிரேக் என்பது அதுதான். ஆகவே ஒரு பக்க நெம்புகோலின் அடியில் அந்தக் கூடுதல் துண்டு வரும், மறுபக்கத்தில் வராது. தண்டிலிருந்து பிரேக் கட்டைகளைத் தள்ளும் கம்பிகளும் அப்படியே. இந்தப் பக்கத்தில் மேல் கம்பி இடது சக்கரத்துக்குப் போகிறது என்றால், சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது மேல் கம்பி வலது சக்கரத்துக்குப் போக வேண்டும். தண்டு ஒன்றுதானே.

அடிக்கதவு உள்ள வேகனில் குறுக்குத்தண்டு கதவை மறிக்கும், அதனால் அதற்குப் பக்கத்துக்கு ஒரு தனி பிரேக். எது எந்த வேகனுக்கு என்று ஊகிக்காதீர்கள். கட்டுவதற்கு முன்பே ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்து, அந்த வேகனின் பழைய படத்தைப் பார்த்துக் கட்டுங்கள். உடலும் அப்படித்தான், வெல்டிங் செய்ததும் உண்டு, ரிவெட் அடித்ததும் உண்டு.

பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் அரை மில்லிமீட்டர் விடுங்கள். இரண்டு பக்கக் கட்டையும் சக்கர விளிம்பைத் தொட்டால், இரண்டு தண்டவாளத்திலும் இருக்கும் மின்சாரம் பித்தளைச் சட்டம் வழியாக ஷார்ட் ஆகிவிடும்.

புதுச்சேரியிலிருந்து: ஓஓ, ஈஎம், பி4 என்கிறார்களே, எதை எடுப்பது?

மூன்றும் ஒரே அளவு வேகன், தண்டவாள அகலம்தான் வேறு: 16.5, 18.2, 18.83 மில்லிமீட்டர். நிஜமான 4 அடி 8½ அங்குலத்துக்குச் சரியாக வருவது கடைசி. கடையில் வாங்கிய தண்டவாளம் வைத்திருந்தால் ஓஓவிலேயே இருங்கள்.

சென்னையிலிருந்து: எடைக்காக அடியில் ஈயக் குண்டு போட்டு ஃபெவிகால் ஊற்றினேன். ஒரு வருஷத்தில் தகடு புடைத்துவிட்டது!

ஐயோ. நானும் ஒன்றை இப்படிப் பறிகொடுத்தேன். அந்த வெள்ளைப் பசையோடு காரீயம் சேர்ந்தால் மெதுவாக வெண்மையான உப்பாக மாறி ஊதிக்கொண்டே போகும், சால்டர் இணைப்பையே பிளக்கும். எப்பாக்ஸியில் ஒட்டுங்கள். அச்சுக்கு 25 கிராம் கணக்கு, ஆக மொத்தம் 50. பித்தளை வேகனுக்குச் சொந்த எடையே கொஞ்சம் இருக்கும், நிறுத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: வேகன் பக்கத்தில் உள்ள அந்த வெள்ளைச் சாய்கோடு என்ன அலங்காரமா?

இல்லைங்க. கோடு எந்த முனையில் மேலே ஏறுகிறதோ, அந்த முனைச்சுவர் கதவு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேகனை அப்படியே தூக்கிச் சாய்த்து அந்தக் கதவு வழியாகக் கரியைக் கப்பலில் கொட்டுவார்கள். தப்பான முனையைச் சாய்த்தால் ஒன்றும் விழாது. ஆகவே இரண்டு பக்கமும் கோடு ஒரே முனையை நோக்கி ஏற வேண்டும்.

பெயின்ட்: உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் எட்ச் பிரைமர் முதலில். பிறகு வெளிர் சாம்பல். துருவை வெளியே பூசுவதைவிட உள்ளே தாராளமாகப் பூசுங்கள், கரி விழுந்து விழுந்து பெயின்ட் முதலில் அங்கேதான் போகும்.

மீண்டும் சேலம்: கடைசியாக ஒன்று அண்ணா. கதவுக் கொக்கி ட்வீசரிலிருந்து தெறித்துக் காணாமல் போய்விட்டது.

விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். கடுகளவு பித்தளைக்கும் நீள நிழல் விழும். அப்படியும் கிடைக்காவிட்டால், பாகங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய வெளிச்சட்டத்தைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்களே? அதே தகடு, அதே தடிமன். ஒரு ஓரத்தை வெட்டி அரம் போட்டால் கொக்கி தயார். என் படத்தில் இடது கதவில் இருக்கும் இரண்டு கொக்கியில் ஒன்று அப்படி வந்ததுதான். எது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.